பன்மொழிப் பௌத்தச் சுருளைப் படித்தறிவது எப்படி?

லாசாவிலுள்ள திபெத் அருங்காட்சியகத்தில் சுமார் 50 மீட்டர் நீளமுள்ள ஓவியச்சுருள் ஒன்று இருக்கிறது. திபெத்தியப் பௌத்தத்தின் ஒரு பிரிவுக்குத் தலைவரான ஐந்தாம் கர்மபா தேஷின் ஷெக்பா, சீனாவின் மிங் பேரரசர் யோங்லேயின் அழைப்பை ஏற்று 1407-இல் நான்ஜிங் நகரில் பேரரசரின் மறைந்த பெற்றோருக்காகச் சடங்குகள் நடத்தினார். அந்த நாட்களில் வானத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஒளிகளையும் மேகங்களையும் அந்தச் சுருள் நாள்வாரியாக வரைந்து காட்டுகிறது. ஓவியங்களுக்கு இடையே ஒரே செய்தி சீனம், பாரசீகம், யுன்னான் பக்கத்துத் தை மக்களின் மொழி, திபெத்தியம், மங்கோலியம் என ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு பொருளைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் மொழிகளை எண்ணி வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எண்ணுவது எளிது; இரண்டாவது மொழி அந்தச் சுருளுக்குள் எப்படி வந்தது, யார் கையால் வந்தது, எப்போது வந்தது என்று கேட்பதுதான் பயன் தருவது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இதற்குச் சீனமோ திபெத்தியமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் எழுதிவைத்த பட்டியல் குறிப்புகளைச் சரியான வரிசையில் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

முதற்படி: எண்ணைப் படியுங்கள்

பன்மொழிச் சுருள்களின் மிகப்பெரிய தொகுதி, சீனாவின் கான்சு மாகாணத்தில் துன்ஹுவாங் அருகேயுள்ள மோகாவ் குகைகளிலிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் எழுப்பி மூடப்பட்ட சிறு அறை ஒன்றை, அங்கே காவலிருந்த தாவோயத் துறவி வாங் யுவான்லு 1900-இல் கண்டறிந்தார். 1907-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த தொல்லியலாளர் ஆரல் ஸ்டைனும் அடுத்த ஆண்டு பிரெஞ்சு அறிஞர் போல் பெல்லியோவும் அவரிடம் பணம் கொடுத்துப் பல்லாயிரம் சுருள்களைப் பெற்றுச் சென்றனர். அது நியாயமான விற்பனையா, ஏமாற்றா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. சீனர்களின் வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஸ்டைனின் பயணத்துக்குப் பிரிட்டிஷ் மியூசியமும் அன்றைய இந்திய அரசும் சேர்ந்து செலவு செய்ததால், கிடைத்தவை பின்னர் பங்கிடப்பட்டன. சுவடிகளைப் பொறுத்தவரை பங்கீட்டின் அளவுகோல் மொழிதான். சீனமும், நடு ஆசிய மொழிகளான சோக்டியம், உய்கூர் ஆகியவையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், திபெத்தியமும், கோத்தான் பகுதியின் பழைய மொழியான கோத்தானியமும் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்கும் சென்றன. இரண்டும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பழைய எண்கள் மாறவில்லை. 'ஓஆர் 8210/எஸ்' என்று தொடங்கினால் அது சீனச் சுவடியாகப் பட்டியலிடப்பட்டது. 'ஓஆர் 8212' என்றால் பிற மொழிகள். 'ஐஓஎல் திப்' என்றால் திபெத்தியம். 'ஐஓஎல் கோத்' என்றால் கோத்தானியம். பாரிசிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்திலும் இதே கதைதான். பெல்லியோ முதல் 2000 எண்களைத் திபெத்தியத்துக்கு ஒதுக்கி, சீனத்தை 2001-இலிருந்து தொடங்கினார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மொழிகள் உள்ள சுருளை இரண்டு பெட்டிகளில் வைக்க முடியாது. ஏதோ ஒரு மொழியின் கீழ்தான் அதற்கு எண் கிடைத்திருக்கும். எனவே 'சீனச் சுவடி' என்ற எண்ணைக் கண்டால், அதில் சீனம் மட்டுமே உண்டு என்று பொருள் கொள்ளக் கூடாது. பட்டியலிட்டவர் அதைச் சீனப் பக்கத்திலிருந்து பார்த்தார் என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. தேடும்போது ஒரே சுருளை இரண்டு மொழிகளின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். ஓவியங்களைப் பொறுத்தவரை ஸ்டைன் கொண்டுவந்தவற்றில் இந்தியாவின் பங்கு புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் செல்ல வழியில்லாத நம்மவர்களுக்கு அதுவே அருகிலுள்ள வாசல்.

இரண்டாம் படி: பின்பக்கத்தைப் பாருங்கள்

சர்வதேச துன்ஹுவாங் திட்டம் 1994 முதல் இந்தச் சுருள்களின் படங்களை ஒன்றுதிரட்டி வருகிறது. பாரிஸ் தொகுதியைப் பிரான்ஸ் நூலகத்தின் கல்லிகா இணையதளத்திலும் காணலாம். படத்தைத் திறந்ததும் முன்பக்கத்தில் நின்றுவிடாதீர்கள். நானே தொடக்கத்தில் ஒரு சுருளின் முன்பக்கப் படங்களை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் குறிப்பெழுதி, 'ஒருமொழிச் சுருள்' என்று முடிவுகட்டியிருக்கிறேன். பிறகு தற்செயலாகப் பின்பக்கத்தைத் திறந்தபோது, அதன் பாதி நீளத்துக்குத் திபெத்திய எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குறிப்பேட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை.

காகிதம் பாலைவனத்து ஊரில் மலிவான பொருளன்று. பழைய சூத்திரச் சுருளின் வெற்றுப் பின்பக்கம், பள்ளி மாணவருக்கும் கணக்கருக்கும் பயணத் துறவிக்கும் எழுதுதாளாக உதவியது. ஆகவே முன்பக்கத்தில் சீனச் சூத்திரமும் பின்பக்கத்தில் கோத்தானியக் கடிதமும் இருந்தால், அவற்றைச் சேர்த்து 'இருமொழிப் பக்திநூல்' என்று அழைப்பது தவறு. அவை ஒரே தாளில் தங்க நேர்ந்த இரண்டு தனிப் பொருள்கள்.

பக்கங்களைப் பார்த்தபின் தாளைப் பாருங்கள். சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துத் தரமான சூத்திரச் சுருளில், ஏறத்தாழ 26 செ.மீ. உயரமுள்ள தாள்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். மெல்லிய கோடுகள் இழுத்து, ஒரு நெடுவரிக்குப் பெரும்பாலும் 17 எழுத்துகள் என்று அளந்து எழுதியிருப்பார்கள். மஞ்சள் நிறம் முதுமையால் மட்டும் வந்ததன்று. பூச்சி அண்டாமலிருக்க ஹுவாங்போ என்ற மரத்தின் பட்டைச் சாயத்தில் தாளைத் தோய்த்திருக்கிறார்கள். ஓலைக்கு மஞ்சள் பூசிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கோடு எங்கே வருகிறது, எழுத்து அதைத் தாண்டிச் செல்கிறதா, அங்கே துண்டிக்கப்படுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது மொழி ஒட்டுக்கோட்டைத் தடையின்றிக் கடந்தால், தாள்கள் ஒட்டப்பட்ட பிறகு எழுதப்பட்டது என்று கொள்ளலாம். ஒட்டில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால், வேறொரு சுருளிலிருந்து தாள் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கலாம்.

மூன்றாம் படி: எழுத்தையும் மொழியையும் பிரியுங்கள்

தமிழ் வாசகருக்கு இந்தப் படி பிறரைவிட எளிது. கிரந்த எழுத்தில் உள்ளது வடமொழி என்றும், தமிழ் எழுத்தில் எழுதிய வடமொழிச் சுலோகம் தமிழாகிவிடாது என்றும் நமக்குத் தெரியும். அதே தெளிவோடு இந்தச் சுருள்களை அணுக வேண்டும். துன்ஹுவாங் தொகுதியில் திபெத்திய எழுத்தில் எழுதிய நீண்ட சுருள்கள் சில உண்டு. திபெத்தியம் தெரிந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒரு சொல்லும் விளங்காது. ஏனெனில் அவை சீனத் துதிகள், ஒலி மட்டும் திபெத்திய எழுத்தில். சீனம் பேசியும், சீன எழுத்தைவிடத் திபெத்திய எழுத்தை எளிதாகக் கையாண்டும் வாழ்ந்த பக்தர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை. சீன எழுத்து தன் உச்சரிப்பை வெளிக்காட்டாது என்பதால், 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பகுதியில் சீனம் எப்படி ஒலித்தது என்று ஆராய்வோருக்கும் இவையே பெருந்துணை.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. தாரணிகள் எனப்படும் மந்திரத் தொடர்களுக்குப் பொருளைவிட ஒலி முக்கியம். அதனால் சூத்திரத்தை மொழிபெயர்த்தவர்களும் தாரணியை மொழிபெயர்க்காமல், சீன எழுத்துகளைக் கொண்டு ஒலிபெயர்த்தனர், அல்லது சித்தம் எனப்படும் இந்திய எழுத்திலேயே வைத்துக்கொண்டனர். பிரிட்டிஷ் மியூசியத்தில் 980ஆம் ஆண்டு அச்சான மகாபிரதிசரா தாரணித் தாள் ஒன்று இருக்கிறது. இது சுருளன்று, ஒற்றைத்தாள். ஆனாலும் இந்தப் படிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நடுவே பல கைகளுடைய தேவி; சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சித்த எழுத்தில் சமஸ்கிருதம்; கீழே சீனத்தில் பலன் சொல்லும் பகுதி, நன்கொடையாளர் லி ஜிஷுன், பலகை செதுக்கியவர் வாங் வென்ஜாவ் என்ற பெயர்கள், தேதி. அந்தத் தாளை வாங்கி அணிந்தவருக்குச் சமஸ்கிருத வட்டங்கள் படிப்பதற்கானவை அல்ல, உடலோடு வைத்துக்கொள்வதற்கானவை. படிப்பதற்குச் சீனம் இருந்தது.

சீனத்தில் தாரணி வழிபாடு வேரூன்றியதில் காஞ்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. பல்லவர் காலத்தில் அந்நகரோடு தொடர்புடையவராக இருந்து, கடல்வழியே சென்று 720 வாக்கில் தாங் தலைநகரை அடைந்த வஜ்ரபோதியும், அவருடைய மாணவர் அமோகவஜ்ரரும் மொழிபெயர்த்த நூல்கள்தான் இத்தகைய தாள்களுக்கு அடித்தளம். மகாபிரதிசரா தாரணியின் சீனப் பெயர்ப்புகளுள் ஒன்று அமோகவஜ்ரருடையது.

நான்காம் படி: எழுத்தோடும் திசையைக் குறியுங்கள்

சீனம் மேலிருந்து கீழாக, வலப்புறத்திலிருந்து தொடங்கும். மங்கோலியமும், சீனாவை ஆண்ட சிங் அரசமரபினரின் மொழியான மஞ்சுவும் மேலிருந்து கீழாகவே வந்தாலும் இடப்புறத்திலிருந்து தொடங்கும். திபெத்தியம் நம்மைப் போல இடமிருந்து வலம். பாரசீகம் வலமிருந்து இடம். இவற்றில் இரண்டை ஒரே தாளில் அமைக்கும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். யார் விட்டுக்கொடுத்தார் என்பதைப் பார்த்தால், தாள் யாருக்காகத் திட்டமிடப்பட்டது என்பது பெரும்பாலும் புலப்படும். நெடுவரிக் கோடுகள் இழுத்த சீனத் தாளில் திபெத்தியம் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால், அது பின்னால் வந்த விருந்தாளி. மாறாக, திபெத்தியத்துக்கென்றே பத்தி பத்தியாகக் கட்டம் வகுத்திருந்தால், தொடக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சியென்லுங் பேரரசரின் காலத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சிங் அரண்மனையில் தொங்கிய தாங்கா எனப்படும் திபெத்திய பாணித் துணி ஓவியங்களிலும் இதைக் காணலாம். அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் சீனம், மஞ்சு, மங்கோலியம், திபெத்தியம் என நான்கு மொழிகளில் பட்டுச் சீட்டு தைக்கப்பட்டிருக்கும். எந்த ஆண்டு எந்த நாளில், பேரரசரின் ஆணைப்படி சாங்ஜியா ரோல்பை தோர்ஜே என்ற லாமா இந்தத் தெய்வத்தை ஆய்ந்து உறுதிசெய்தார், வரிசையில் வலப்புறமோ இடப்புறமோ எத்தனையாவது இடத்தில் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்தர் கண்ணில் படாத பின்புறத்தில் நான்கு மொழிகள் எதற்கு? படிப்பதற்கு என்பதைவிட, பேரரசின் நான்கு மக்களும் ஒரே வழிபாட்டில் அடக்கம் என்று பதிவுசெய்வதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும், அருங்காட்சியகத்தில் தாங்காவின் முன்புறத்தை மட்டும் காட்டினால், பின்புறப் படம் கேட்டு எழுதத் தயங்காதீர்கள்.

ஐந்தாம் படி: இரண்டாவது மொழி வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

இதுவரை சேர்த்த குறிப்புகளை வைத்து, உங்கள் சுருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யலாம். கர்மபாவின் சுருள் போல ஒரே செய்தியைப் பல மொழிகளில் தரத் திட்டமிட்டது ஒன்று. மந்திரம் ஒரு மொழி, விளக்கமோ வேண்டுதலோ மற்றொரு மொழி என்று பணி பிரித்துக்கொண்டது இன்னொன்று. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள 20 மீட்டருக்கும் மேல் நீளமான கோத்தானியச் சுருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் தாரணிகள் சமஸ்கிருதத்தில், பிற பகுதி கோத்தானியத்தில், தொடக்கத்தில் எதிரெதிரே நிற்கும் இரு பறவைகள் வரைந்த பட்டு. தாளின் மறுபயன்பாட்டால் இரண்டு மொழிகள் சேர்ந்தது மூன்றாவது வகை.

நான்காவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. நூல் ஒரு மொழி, எழுதியவர் வேறொரு மொழி. திபெத்தியர் துன்ஹுவாங்கை ஆண்ட காலத்தில், ஏறத்தாழ 787 முதல் 848 வரை, பேரரசரின் புண்ணியத்துக்காக அளவற்ற ஆயுளின் புத்தரைப் போற்றும் அபரிமிதாயுஸ் சூத்திரம் திபெத்தியத்திலும் சீனத்திலும் பெருந்தொகையாகப் படியெடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சுருள்கள் எஞ்சியிருக்கின்றன. திபெத்தியப் படிகளின் இறுதியில் எழுத்தர் தன் பெயரையும் திருத்தியவர்களின் பெயர்களையும் திபெத்திய எழுத்தில் குறிப்பார். அந்தப் பெயர்களைக் கூட்டிப் படித்தால் பல சீனக் குடும்பப்பெயர்கள். சூத்திரம் முழுவதும் ஒரே மொழி என்றாலும், இறுதியிலுள்ள அந்த ஒரு வரி அதைப் பன்மொழிச் சுருளாக்கிவிடுகிறது. கொடுத்த தாளுக்குக் கணக்குக் காட்டாத எழுத்தர்களுக்குக் கசையடி என்று அந்தக் காலத்து ஆணை ஒன்றும் கிடைத்திருக்கிறது. பக்திப் பணியிலும் கணக்கு கணக்குதான்.

ஆறாம் படி: வேண்டுதல் குறிப்பையும் தேதியையும் பிடியுங்கள்

நேரம் குறைவென்றால் பிற படிகளைச் சுருக்கிக்கொள்ளலாம். இதை மட்டும் சுருக்கக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள மருத்துவப் புத்தரின் தூய உலகைக் காட்டும் பட்டு ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்தப் பட்டு பல இடங்களில் நைந்துபோயிருந்தாலும், ஓவியத்திலேயே ஒதுக்கிய கட்டத்தில் சீனத்திலும் திபெத்தியத்திலும் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. பல்யாங் என்ற துறவி, மருத்துவப் புத்தரையும், சமந்தபத்திரர், மஞ்சுஸ்ரீ, ஆயிரம் கைகளும் ஆயிரம் கண்களும் கொண்ட அவலோகிதேஸ்வரர் முதலியோரையும் தன் உடல்நலனுக்காகவும் எல்லா உயிர்களின் நன்மைக்காகவும் வரைந்ததாகத் திபெத்தியம் சொல்கிறது. தேதியாக 'டிராகன் ஆண்டு' என்று மட்டுமே சொல்கிறது.

டிராகன் ஆண்டு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். திபெத்தியர் ஆட்சிக்குள் பார்த்தால் 788, 800, 812, 824, 836, 848 என ஆறு டிராகன் ஆண்டுகள். திபெத்தியம் மட்டும் இருந்திருந்தால் இங்கேயே நின்றிருப்போம். சீனக் குறிப்போ பிங்சென் ஆண்டு, ஒன்பதாம் மாதம், பதினைந்தாம் நாள் என்கிறது. பிங்சென் என்பது 60 ஆண்டுச் சுழற்சியில் 53ஆவது. பிரபவ, விபவ என்று நாம் எண்ணும் அறுபதைப் போலத்தான் இதுவும். கல்வெட்டில் ஆண்டுப்பெயர் மட்டும் இருந்தால் நாம் படும் அதே பாடுதான் இங்கும். பிங்சென் 776-இல் வந்தது, 836-இல் வந்தது, 896-இல் வந்தது. தாங் பேரரசரின் ஆட்சிப்பெயர் சீனக் குறிப்பில் இல்லை. சீனர் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் அதை விட்டுவிட மாட்டார்கள். ஆக, திபெத்தியர் ஆட்சிக்குள் விழும் ஒரே பிங்சென் 836. அது டிராகன் ஆண்டும்தான். ஒரு மொழி விலங்கைச் சொல்ல, மற்றொன்று சுழற்சி எண்ணைச் சொல்ல, சொல்லாமல் விட்ட ஆட்சிப்பெயர் மூன்றாவது சாட்சியாக நிற்க, தேதி கைக்குக் கிடைத்துவிடுகிறது. பதினைந்தாம் நாள் முழுநிலா நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புண்ணியம் சேர்ப்பதற்கு ஏற்ற நாள்.

எச்சரிக்கை ஒன்று. திபெத்திய எழுத்தைக் கண்டதும் 848-க்கு முன் என்று முடிவுகட்டாதீர்கள். ஆட்சி போன பிறகும் அந்தப் பகுதியில் பல இனத்தாருக்கிடையே திபெத்தியம் பொதுமொழியாக 10ஆம் நூற்றாண்டிலும் எழுதப்பட்டது.

ஏழாம் படி: இரண்டு பகுதிகளும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சோதியுங்கள்

'ஒரே உரை, பல மொழிகள்' என்று பட்டியல் சொன்னாலும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று சுருளில் இல்லை, கல்லில் இருக்கிறது. கர்மபாவை அழைத்த அதே யோங்லே பேரரசரின் பெயரால், தளபதி செங் ஹேயின் கடற்படை இலங்கைக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். காணிக்கை பெறுபவர்தான் வேறு. சீனப் பகுதி புத்தருக்கு என்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு என்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் பேசுகிறது. மூன்றையும் ஒன்றின் மொழிபெயர்ப்பாகக் கருதிச் சீனத்தை மட்டும் படித்தவர், கல்லின் மூன்றில் இரண்டு பங்கைத் தவறவிட்டவர்.

ஆகவே உங்கள் சுருளின் ஒவ்வொரு மொழிப்பகுதிக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். பெயர்கள், எண்ணிக்கைகள், தெய்வங்களின் வரிசை, பட்டங்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத ஒவ்வொன்றும் அந்த வாசகரைப் பற்றி எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டும்.

எட்டாம் படி: போலியா என்று கேளுங்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோத்தான் பகுதியில் இஸ்லாம் அகுன் என்பவர், யாரும் அறியாத எழுத்துகளில் 'பழஞ்சுவடிகள்' தயாரித்து ஐரோப்பியர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். இந்தியவியல் அறிஞர் ஹோர்ன்லே அவற்றைப் படிக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார். 1901-இல் ஸ்டைன் நேரில் விசாரித்து இஸ்லாம் அகுனை ஒப்புக்கொள்ள வைத்தார். தொடக்கத்தில் உண்மையான எழுத்தைப் பார்த்து எழுதியவர்கள், வாங்குபவருக்கு வேறுபாடு தெரியவில்லை என்று கண்டதும் மனம்போனபடி கிறுக்கத் தொடங்கிவிட்டார்களாம். அந்தப் போலிகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. துன்ஹுவாங் சுருள்களிலும், உண்மையான பழஞ்சுருளின் இறுதியில் விலை கூட்டுவதற்காகப் பொய்யான தேதிக் குறிப்பைச் சேர்த்தவை உண்டு. குறிப்பின் மையும் கையெழுத்தும் நூலின் மையோடும் கையெழுத்தோடும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அறையிலிருந்து நேராகச் சேகரிப்புக்குள் வந்ததற்கான சான்று இல்லாத, 20ஆம் நூற்றாண்டில் தனியார் கைமாறி வந்த சுருள் என்றால் இருமடங்கு கவனம் வேண்டும்.

ஒன்பதாம் படி: குறிப்பு எழுதுங்கள்

எண், இடம், நீளம், உயரம், பக்கம், எழுத்து, மொழி, திசை, எத்தனை பேரின் கையெழுத்து, தேதியும் அதற்கான காரணமும், வேண்டியவர், எழுதியவர் என்று ஒரு தாளுக்குள் அடக்குங்கள். எழுத்துக்கும் மொழிக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனித் தாள் வையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் 'பார்த்தேன், வெறுமை' என்று எழுதுங்கள்.